நான்கு மூலைக்குள் அடங்காத படங்கள்

எந்த ஊர் பிரேம் கடைக்குப் போனாலும் எதிர்ச் சுவரில் மூலைத் துண்டுகள் வரிசையாக மாட்டியிருக்கும். தங்க நிறத்தில் பூவேலை, கறுப்பில் மெல்லிய கோடு, தேக்கு நிறத்தில் அகலப் பட்டை என்று பல வகை. வாடிக்கையாளர் ஒன்றைக் கைகாட்டுவார். கடைக்காரர் படத்தை அளந்து, அடிக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்வார். கண்ணாடி போடவா, லேமினேஷன் போதுமா என்று கேட்பார். நிறம், அகலம், விலை எல்லாம் பேசி முடிவாகும். வடிவத்தைப் பற்றி மட்டும் இருவருமே வாய் திறப்பதில்லை. சுவரில் தொங்கும் துண்டுகள் அத்தனையும் செங்கோண மூலைகளாக இருக்கும்போது அந்தக் கேள்வி எழவே வழியில்லை. படம் என்றால் நான்கு மூலை என்பது இயற்கை விதி போல மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் அது தொழிற்சாலையும் கடையும் சேர்ந்து செய்துகொண்ட வசதி. வசதியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முட்டை வடிவம், வளைவு மகுடம், எண்கோணம், இலை என்று தனி வடிவத்தில் பிரேம் கேட்பவரை ஆடம்பரக்காரர் என்று ஒதுக்குவது தவறு. சில படங்களுக்கு அதுதான் சரியான பிரேம். அதைச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு வேலை கொடுப்பதும், வேலைக்கேற்ற கூலி கொடுப்பதும் வாடிக்கையாளர் கையில்தான் இருக்கிறது.

நான்கு மூலை எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். கடைக்கு மரமோ, மரம் போலத் தெரியும் பாலிஸ்டைரினோ நீளக் குச்சிகளாகத்தான் வந்து இறங்குகிறது. ஒரு குச்சி ஏறத்தாழ 10 அடி. காடி எடுத்து, பூவேலை அழுத்தி, வண்ணமும் பூசி முடித்த குச்சி அது. அதை 45 பாகையில் சாய்த்து வெட்ட ஓர் எந்திரம். வெட்டிய இரு முனைகளைச் சேர்த்து அடியிலிருந்து ‘வி’ வடிவ ஆணி ஏற்ற இன்னோர் எந்திரம். இரண்டும் செங்கோண மூலைக்காகவே அமைந்தவை. கண்ணாடி செவ்வகத் தகடாக வருகிறது, ஹார்ட்போர்டும் அப்படியே. போட்டோ காகிதம் சுருளிலிருந்து நேராக வெட்டப்பட்டு 8-க்கு 10, 12-க்கு 15, 16-க்கு 20 அங்குலம் என்று ஸ்டுடியோவிலிருந்து வெளியே வருகிறது. மூலப்பொருள் எல்லாம் நேர்கோட்டில் வந்து சேர்ந்தால் முடிந்த பொருளும் நேர்கோட்டில்தான் நிற்கும். இந்த ஏற்பாடு நமக்குச் செய்த நன்மை பெரிது. ஓவியர் ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதும், பின்னர் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்த தெய்வ உருவங்கள் காலண்டர்களாக ஊரெங்கும் போனதும், மலிவான செவ்வக பிரேம் இல்லாவிட்டால் பாதிப் பயன்தான் தந்திருக்கும். வருடம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டு, மேலே உள்ள முருகனையோ லட்சுமியையோ கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்ட வீடுகள் எத்தனை! எளியவர் வீட்டுச் சுவருக்குச் சாமி வந்து சேர்ந்தது அந்தக் குச்சியும் அந்த 45 பாகை வெட்டும் கொடுத்த மலிவால்தான்.

ஆனால் இந்த மலிவு வருவதற்கு முன்னால், உருவத்தைச் சுற்றி எல்லை போட்டவர்கள் எப்படி யோசித்தார்கள்? மாமல்லபுரத்து ரதங்களின் கபோதத்தை, அதாவது வளைந்த கூரை விளிம்பை, அண்ணாந்து பாருங்கள். வரிசையாகக் கூடுகள், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கும் ஒரு முகம். குதிரை லாட வடிவில் வளைந்த அந்தக் கல் விளிம்பு ஏழாம் நூற்றாண்டில் செதுக்கிய பிரேம் என்றே சொல்லலாம். முகத்தின் வட்டத்துக்கு இசைவாக எல்லையும் வளைந்து, மேலே கூம்பி நிற்கிறது. நடராசர் படிமத்தின் திருவாசி இன்னும் தெளிவான சான்று. விரிந்த சடை, வீசிய கரம், தூக்கிய திருவடி ஆகியவை எட்டும் தூரத்தைக் கணக்கில் வைத்துத்தான் அந்தத் தீச்சுடர் வளையம் சுற்றி வருகிறது. முழு வட்டமாகவும் உண்டு, சற்று நீண்ட வட்டமாகவும் உண்டு. உருவத்தின் வீச்சுதான் முடிவு செய்கிறது. அதே நடராசரைச் செவ்வகத்துக்குள் நிறுத்திப் பாருங்கள், நான்கு மூலையிலும் வேலையில்லாத வெற்றிடம் மிஞ்சும்.

வேற்று நாட்டிலும் இதே அறிவு உண்டு. பிளாரன்ஸ் நகரத்து உஃபிஸி அருங்காட்சியகத்தில் மைக்கேலாஞ்சலோவின் ‘டோனி டோண்டோ’ இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், ஆன்யோலோ டோனி என்ற வணிகருக்காகத் தீட்டிய, 120 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட ஓவியம். அதற்கென்றே செதுக்கிய வட்டச் சட்டம் இன்றும் அதைச் சுற்றி இருக்கிறது. அந்தச் சட்டத்திலிருந்து ஐந்து தலைகள் முன்னே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மரியாள் உடலைத் திருப்பித் தோளுக்கு மேலாகக் குழந்தையை வாங்கும் அந்த முறுக்கல் வட்டத்துக்குள்தான் நிற்க முடியும். அன்றைக்கு அது ஒரு வாடிக்கையாளர் கொடுத்த ஆர்டர்தான். ஓவியரும் தச்சரும் ஒரே வடிவத்தை நினைத்து வேலை செய்தார்கள். இன்றைய பிரேம் கடையில் விட்டுப்போனது இந்த ஒன்றுதான். படம் ஒரு கையில் முடிந்து, பிரேம் வேறு கையில் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் அளவு நாடா மட்டும்.

அப்படியானால் எல்லாப் படத்துக்கும் வளைவும் நெளிவும் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பெரும்பாலான படங்கள் செவ்வகமாகவே எடுக்கப்பட்டவை, வரையப்பட்டவை. அவற்றுக்குச் செவ்வகமே சரி. கல்யாண போட்டோவை இதய வடிவ பிரேமுக்குள் திணிப்பதில் இருக்கும் கோளாறு எல்லோருக்கும் தெரியும். மணமகன் தோள் ஒரு பக்கம் வெட்டுப்படும், கீழ்முனையில் பட்டுச் சேலையின் ஒரு மடிப்பு மட்டும் தங்கும். அங்கே வடிவம் வெளியிலிருந்து வந்து படத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் வைக்கும் அளவுகோல் எளிமையானது: கேட்கும் வடிவம் படத்துக்குள் ஏற்கெனவே கோடாக இருக்கிறதா? பழைய ஸ்டுடியோக்காரர் முட்டை வடிவத்தில் ஓரம் மங்கவிட்டு அச்சிட்ட தாத்தா-பாட்டி படத்தில் அந்தக் கோடு இருக்கிறது. ஆலிலைக் கண்ணனைத் தீட்டிய தஞ்சாவூர் ஓவியத்தில், இலை விளிம்பை ஒட்டியே பலகை அறுத்திருந்தால், இருக்கிறது. தேவாலயப் பலகணியின் கூர்வளைவுக்காக வரைந்த மாதா படத்தில் இருக்கிறது. விரித்து வைத்த மடக்கு விசிறியில், எண்கோணமாக எழுதிய அரபு எழுத்தணியில், சேலையிலிருந்து பிரித்தெடுத்த அரைவட்ட எம்பிராய்டரியில் எல்லாம் இருக்கிறது. இவற்றைச் செவ்வகத்துக்குள் வைத்தால் பொருள் கெட்டுவிடாது. ஆனால் அதைச் செய்தவர் போட்ட எல்லைக்கு வெளியே வேறொருவர் இன்னோர் எல்லை போட்டதாக ஆகும். பார்க்கிற கண் இரண்டுக்கும் நடுவே அலையும்.

இதற்குக் கடைக்காரர்கள் சொல்லும் பதில் கனமானது. ‘வெளியே செவ்வகமாகவே இருக்கட்டும், உள்ளே மவுண்ட் அட்டையை முட்டை வடிவத்தில் வெட்டிவிடலாம்’ என்பார்கள். இதற்கு நீண்ட மரபும் உண்டு. 1840-களில் டகெரோடைப் எனும் ஆரம்பகாலப் போட்டோக்கள் பரவியபோதே சின்னச் செவ்வகப் பெட்டிக்குள் எண்கோணமாகவும் முட்டை வடிவமாகவும் திறப்பு வெட்டிய பித்தளைத் தகட்டை வைத்துத்தான் முகத்தைக் காட்டினார்கள். மலிவான வழி, பல சமயம் அழகான வழியும்கூட. தட்டையான, ஓரம் மறைந்தாலும் நட்டமில்லாத போட்டோவுக்கு இதுவே போதும் என்று நானும் சொல்வேன். இந்த வழி தோற்கும் இடங்கள் வேறு. தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணமும் பசையும் கொண்டு எழுப்பிய மேடும், பதித்த கல்லும் பலகையின் விளிம்பு வரை வரும். அட்டை அதன் மேல் படிந்தால் தங்க ரேக்கு உரசும். விசிறிக்கும் துணி வேலைக்கும் விளிம்புதான் உயிர். அட்டை மறைப்பது அந்த விளிம்பைத்தான். பிறகு மாட்டும் இடம். மாடத்துக்குள்ளோ வளைந்த வாசல் நிலைக்கு மேலேயோ தொங்க வேண்டிய படத்துக்குச் செவ்வகம் இடிக்கும். மவுண்ட் வெட்டித் தீரும் வேலை எது, மரத்தையே வளைக்க வேண்டிய வேலை எது என்று பிரித்துச் சொல்லத் தெரிவது நல்ல பிரேம்காரரின் முதல் தகுதி. ‘அதெல்லாம் வராதுங்க’ என்று எடுத்த எடுப்பிலேயே கைவிரிப்பவரிடம் அந்தத் தகுதி இருக்க முடியாது.

மரத்தை வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை எவ்வளவு நுட்பமானது என்று பக்கத்தில் நின்று பார்க்காதவருக்கு அதன் விலை புரியாது. எண்கோணத்தை எடுத்துக்கொள்வோம். 8 துண்டு, துண்டுக்கு இரு முனை, ஆக 16 வெட்டு. ஒவ்வொன்றும் 22.5 பாகை. சதுரத்தில் 45, அறுகோணத்தில் 30, ஐங்கோணத்தில் 36. 180-ஐ பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. ஒவ்வொரு வெட்டிலும் அரை பாகை பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. 16 வெட்டிலும் ஒரே பக்கமாகப் பிசகினால் கடைசி மூட்டில் 8 பாகை வந்து நிற்கும். 5 சென்டிமீட்டர் அகலப் பட்டையில் அது 7 மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்த விரிசல். பட்டி பூசி அடைத்தால் ஆறு மாதத்தில் உதிரும். தெரிந்தவர் முதல் நான்கு துண்டை ஓர் அரை வளையமாகவும் அடுத்த நான்கை இன்னோர் அரை வளையமாகவும் ஒட்டிக் காயவிடுவார். பிறகு இரண்டு பாதியின் முனைகளையும் ஒரே மட்டத்தில் இழைத்துச் சேர்ப்பார். சேர்ந்திருந்த பிசகெல்லாம் அந்த ஓர் இழைப்பில் போய்விடும். செங்கோண மூலைக்கான பிடிமானக் கருவி எண்கோணத்தில் வழுக்கும் என்பதால், நீளமாக வெட்டிய சைக்கிள் டியூபைச் சுற்றிலும் இழுத்துக் கட்டிப் பசை காயும்வரை வைத்திருப்பது நல்ல உபாயம். ஐந்துமுனை நட்சத்திரம் கேட்டால் இன்னும் சிக்கல். அதில் 10 மூட்டு. வெளிமுனை ஒவ்வொன்றும் 36 பாகைதான் என்பதால் அங்கே வெட்டு 18 பாகைக் கூர்மையில் வர வேண்டும். சாதாரண சாய்வு ரம்பம் அவ்வளவு சாயாது. துண்டைத் தாங்க ஒரு சாய்வுக் கட்டையை முதலில் செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் வேலையையே தொடங்க முடியும்.

முட்டை வடிவம் பார்க்க எளிது, செய்ய மிகக் கடினம். இரண்டு ஆணி அடித்து, நூல் வளையம் மாட்டி, பென்சிலை இழுத்துக்கொண்டே போனால் நீள்வட்டம் வந்துவிடும் என்பது எல்லாத் தச்சருக்கும் தெரியும். கஷ்டம் இரண்டாவது கோட்டில். உள்விளிம்பை நீள்வட்டமாகப் போட்டாயிற்று. பட்டை அகலத்தைக் கூட்டி வெளிவிளிம்பையும் இன்னொரு நீள்வட்டமாகப் போட்டால் போதுமென்று தோன்றும். போதாது. நீள்வட்டத்துக்கு எல்லா இடத்திலும் சம தூரத்தில் ஓடும் கோடு நீள்வட்டமே அல்ல. 60-க்கு 30 சென்டிமீட்டர் திறப்புக்கு 8 சென்டிமீட்டர் பட்டை என்று வைத்து, வெளியே 76-க்கு 46 நீள்வட்டம் வரைந்தால், மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடத்தில் மட்டும் 8 சரியாக இருக்கும். நடுவில் தோள்பட்டை போல வளையும் நான்கு இடங்களில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மெலிந்திருக்கும். அளந்து பார்க்காதவருக்கும் பிரேம் எங்கோ சப்பியிருப்பதாகக் கண் சொல்லிவிடும். அதனால் கைதேர்ந்தவர் உள்விளிம்பை மட்டும் கோடு போட்டு அறுப்பார். பிறகு அந்த விளிம்பையே வழிகாட்டியாக வைத்து, அதிலிருந்து சம தூரத்தில் குறிமுள்ளை ஓட்டி வெளிவிளிம்பை எடுப்பார். கணிதப் புத்தகத்தில் சமன்பாடாக இருக்கும் ஒன்றை ஒரு கட்டையும் ஓர் ஆணியும் கொண்டு தீர்க்கும் இந்தக் கைப்பழக்கம் ஒரே தலைமுறையில் மறைந்துபோகக்கூடியது. எழுதி வைத்த பாடத்தால் மட்டும் இது வராது. அடுத்தடுத்து ஆர்டர் வந்தால்தான் மாணவன் கைக்குப் போகும்.

மரத்தின் இழை இன்னொரு விஷயம். அகலப் பலகையில் வளையத்தை வரைந்து அப்படியே அறுத்தெடுத்தால் இரண்டு எதிரெதிர் இடங்களில் இழை பட்டைக்குக் குறுக்கே ஓடும். அந்த இடத்தில் மரத்துக்கு வலுவே கிடையாது. கை தவறிக் கீழே விழுந்தால் அங்கேதான் முறியும். பலகையும் வீண். மேலே சொன்ன நீள்வட்டத்தை ஒரே பலகையில் அறுத்தால் 76-க்கு 46 செவ்வகத்தில் 38 சதவீதம்தான் பிரேமாகும். மிச்சம் அறுப்புக் கழிவு. எனவே வளையத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, இழை முடிந்தவரை வளைவின் போக்கிலேயே ஓடும்படி அடுக்கி ஒட்ட வேண்டும். இரண்டு அடுக்காக ஒட்டி, மேலடுக்கின் மூட்டு கீழடுக்குத் துண்டின் நடுவில் விழும்படி செங்கல் கட்டுவது போல மாற்றி வைத்தால் அந்த வளையத்தை அசைக்க முடியாது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் காடி, உருட்டு, உப்புத்தாள், பட்டி, வண்ணம் எல்லாம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். இத்தனை பாடு எதற்கு, எம்.டி.எஃப். பலகையைக் கணினி எந்திரத்தில் கொடுத்தால் கேட்ட வடிவத்தை அரை மணியில் வெட்டித் தந்துவிடுமே? தரும். எம்.டி.எஃப்-இல் இழையே கிடையாது என்பதால் குறுக்கு இழைப் பலவீனமும் இல்லை. சம தூரக் கோட்டையும் கணினி பிசகாமல் போடும். இந்த எந்திரத்தை எதிர்ப்பதில் பொருளில்லை. மாதிரிப் பலகை வெட்ட அதைவிட நல்ல உதவியாள் கிடையாது. ஆனால் அதோடு வேலை முடிந்ததென்று நினைப்பவர்கள் மூன்று விஷயத்தைக் கவனிக்கவில்லை. எந்திரத்தின் வெட்டுமுனை சுழலும் உருளை. அதனால் உள்மூலை ஒவ்வொன்றையும் சற்று உருட்டித்தான் விடும். இலையின் நுனி உள்ளே கூர்மையாக முடிய வேண்டுமானால், நட்சத்திரத்தின் முனை முனையாகவே இருக்க வேண்டுமானால், கடைசி வெட்டு உளியில்தான். அடுத்து, எம்.டி.எஃப்-இன் வெட்டுவாய் ஈரத்தைக் குடித்து உப்பும். கடலோர ஊரில், ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் வியர்க்கும் வீட்டில், அடைப்புப் பூச்சு சரியாக இல்லாத விளிம்பு ரொட்டி ஊறியது போலாகிவிடும். மூன்றாவது, எந்திரம் கொடுத்த கோட்டைத்தான் வெட்டும்; எந்தக் கோடு என்பதைச் சொல்ல ஆள் வேண்டும். ஒரு பழைய போட்டோவின் முட்டை வடிவம் பெரும்பாலும் சரியான நீள்வட்டமாகவே இருக்காது. அச்சிட்டவர் கத்தரியால் வெட்டியிருப்பார், ஒரு பக்கம் சற்றுப் பருத்திருக்கும். கணினி நீள்வட்டத்தை அதன் மேல் வைத்தால் ஒரு பக்கம் காகித விளிம்பு தெரியும், மறுபக்கம் காது மறையும். படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து விளிம்பை அப்படியே நகலெடுத்து, எங்கே அரை மில்லிமீட்டர் விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்வது மனிதக் கண். நகலெடுக்கும் ஆசாரியும் வெட்டிக்கொடுக்கும் எந்திரமும் ஒரே பட்டறையில் இருக்க முடியும், இருக்க வேண்டும்.

கண்ணாடி யாருடைய ஆசைக்கும் வளைந்து கொடுக்காத பொருள். நேர்க்கோடு கீறித் தட்டினால் நேராக உடையும். வட்டமானால் கீறலைச் சுற்றிவிட்டு, அங்கிருந்து ஓரம் வரை பல கீறல்களைக் கதிர் போல இழுத்து, அடியிலிருந்து மெல்லத் தட்டி, துண்டு துண்டாகக் கழற்ற வேண்டும். வெளிப்புறம் வளையும் கோடு இப்படி வந்துவிடும். உள்பக்கம் குழியும் கோடுதான் ஆபத்து. அதிலும் நட்சத்திரத்தின் இடுக்கு போன்ற கூர்மையான உள்மூலை சாதாரணக் கீறலில் வராது. விரிசல் அந்த மூலையிலிருந்து கண்ணாடிக்குள்ளேயே ஓடிவிடும். அக்ரிலிக் தகடு போடலாம். லேசரில் எந்த வடிவத்துக்கும் வெட்டுப்படும், கனமும் குறைவு. ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். தேய்த்துத் துடைத்தால் மின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுக்கும். கரித்தூளாலும் பாஸ்டலாலும் வரைந்த படத்தின் பொடியையும் அது இழுக்கும் என்பதால் அத்தகைய ஓவியத்துக்கு ஆகவே ஆகாது. கண்ணாடியோ அக்ரிலிக்கோ எதுவானாலும் போட்டோவைத் தொடாமல் நடுவில் இடைவெளி விட வேண்டும். ஈரக்காற்றில் போட்டோவின் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்கும்போது முகம் கண்ணாடியோடு போய்விடும். செவ்வக பிரேமில் இந்த இடைவெளிக்கு நான்கு நேர்ப் பட்டை போதும். முட்டை வடிவத்தில் அதையும் வளைத்துத்தான் வெட்ட வேண்டும்.

விலைக்கு வருவோம், ஏனென்றால் எல்லா மறுப்பும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். அடிக்கணக்கு என்பது செவ்வகத்துக்காக ஏற்பட்ட கணக்கு. அதையே வட்டத்துக்கும் போட்டால் என்னவாகும் என்று பாருங்கள். 40 சென்டிமீட்டர் சதுரத் திறப்பைச் சுற்றி 160 சென்டிமீட்டர், அதாவது ஐந்தேகால் அடி. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைச் சுற்றி 126 சென்டிமீட்டர்தான், நான்கு அடிக்குச் சற்று மேல். அடிக்கணக்குப்படி வட்டம் மலிவு! சதுரத்தை எந்திரத்தில் வெட்டி ஆணி ஏற்றிக் கையோடு கொடுத்துவிடலாம். வட்டமோ துண்டு வெட்டி, ஒட்டிக் காய, அடுத்த அடுக்கு ஒட்டிக் காய, தேய்க்க, பூச, பூச்சு காய என்று நாள்களை எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் ஒரு குத்துமதிப்பு விலை சொல்கிறார். வாடிக்கையாளருக்கு அது கொள்ளையாகத் தெரிகிறது, பட்டறைக்காரருக்கு அதில் கூலியே கட்டவில்லை. இருவருக்கும் மனக்கசப்பு, அடுத்த முறை இருவரும் செவ்வகத்துக்கே போய்விடுகிறார்கள். தனி வடிவ வேலைக்கு மரம், கண்ணாடி, பூச்சு ஒரு தொகையாகவும், கைவேலை மணிக்கணக்காகவும் பிரித்து எழுதிக் கொடுப்பதே நேர்மையான வழி. தையற்காரரிடம் துணி விலையையும் கூலியையும் தனித்தனியாகக் கொடுத்துப் பழகியவர்கள்தானே நாம்.

இவ்வளவு கொடுக்க எல்லோராலும் முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. ஒரு வீட்டில் பத்துப் படம் தொங்கினால் தனி வடிவம் கேட்பது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மிச்சத்துக்குக் குச்சி பிரேமே போதும். அந்த ஒன்று பெரும்பாலும் மறுபடி எடுக்க முடியாத படம்: கொள்ளுத்தாத்தாவின் ஒரே போட்டோ, அம்மா தன் கையால் போட்ட பூவேலை. பாலிஸ்டைரின் பிரேம் மூலை விட்டால் ஒட்டிப் பயனில்லை, தூக்கிப்போட்டு வேறு வாங்க வேண்டும். அடுக்கி ஒட்டிய தேக்கு வளையத்தைக் கழற்றிச் சரி செய்யலாம், மறுபடி பூசலாம், பேரப்பிள்ளைக்கும் கொடுக்கலாம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய மரச் சட்டங்கள் இன்றும் விலை போகின்றன. உள்ளே இருந்த படம் போன பிறகும் சட்டத்தை மட்டும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், அந்த மரவேலை எத்தனை தலைமுறைக்கு என்று செய்யப்பட்டது என்பது தெரியும். ஒரு முறை கொடுக்கும் கூலியை அத்தனை வருடத்துக்கும் வகுத்துப் பார்த்தால் அதிகமில்லை.

தொடங்க வேண்டியது கடைச் சுவரில். செங்கோணத் துண்டுகளுக்கு நடுவே ஒரு முட்டை வடிவமும் ஓர் எண்கோணமும் மகுடம் வைத்த ஒரு வளைவும் தொங்கினால் போதும், வாடிக்கையாளர் தானாகவே கேட்பார். கேட்கிறவரும் வெறும் அளவோடு போகாமல் படத்தையே கொண்டு போக வேண்டும். எந்தச் சுவர், எவ்வளவு உயரம், வெயில் படுமா, மழைக்காலத்தில் ஈரம் ஏறுமா என்பதையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் முழு அளவில் அட்டை மாதிரி வெட்டி, படத்தின் மேல் வைத்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். அட்டையில் திருத்துவது காசில்லாத வேலை. மாட்டும் வளையத்தைப் பற்றியும் அப்போதே பேசிவிடுவது நல்லது. வட்டமும் நீள்வட்டமும் ஒற்றை வளையத்தில் தொங்கினால் கதவைச் சாத்தும் அதிர்வுக்கெல்லாம் திரும்பிக்கொள்ளும். ஒரே மட்டத்தில் இரண்டு வளையம் வேண்டும். இலை போல இருபுறமும் ஒத்துப்போகாத வடிவமானால், கண்ணாடியும் பின்பலகையும் போட்டு முடித்த பிரேமை ஓரிடத்தில் தொங்கவிட்டுத் தூக்குநூல் பிடித்துப் பின்பலகையில் கோடு போட வேண்டும். இன்னோரிடத்தில் தொங்கவிட்டு மறுபடி ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் பாரத்தின் மையம். அதற்கு நேர் மேலே, இருபக்கமும் சம தூரத்தில் வளையங்களை அடித்தால் படம் சாயாது. வேலை முடிந்ததும் அந்த அட்டை மாதிரியைக் குப்பையில் போட்டுவிடுவது பெரும் பிழை. மரத்தின் பெயர், பட்டை அகலம், கண்ணாடியின் கனம், தேதி எல்லாம் அதன் மேல் எழுதி வாடிக்கையாளரிடம் ஒன்றும் பட்டறையில் ஒன்றுமாக வைத்திருக்க வேண்டும். பிறகு எப்போதாவது கண்ணாடி உடைந்தால், கடை மாறியிருந்தாலும் ஆள் மாறியிருந்தாலும், புதுக் கண்ணாடியை அந்த அட்டையை வைத்தே வெட்டிவிடலாம்.